உப்புக் காற்றில் வாசற்படியும் கைவேலைக் கிராதியும்: எப்படிக் கட்டுவது?

அலையோரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தெருவில் சாலை போடும்போதெல்லாம் பழைய சாலையைக் கிளறாமல் அதன் மேலேயே போட்டு உயர்த்திக்கொண்டே போனதால், பழைய வீட்டுக்குள் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது. ஆகவே வீட்டை இடித்துக் கட்டியபோது அடித்தளத்தை முற்றத்திலிருந்து நான்கு அடி உயர்த்திவிட்டோம். வீடு முடிந்து சில ஆண்டுகள் ஆகியும் வாசலுக்கு முறையான படி கட்டவில்லை. செங்கல்லை அடுக்கிப் பூசிய தற்காலிகப் படிதான் இருக்கிறது.

இப்போது படியைக் கட்டி முடிக்க வேண்டும். வாசலுக்கும் மதில் சுவருக்கும் இடையே ஒன்பது அடி இருக்கிறது. வீட்டின் முகப்பு இருபத்தெட்டு அடி நீளம். கொத்தனார், எட்டு அங்குல உயரமும் பத்து அங்குல அகலமும் வைத்து நேராக ஆறு படியில் இறக்கிவிடலாம் என்றும், கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டால் ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்றும் சொல்கிறார். என் தாயாருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. முழங்கால் வலியும் உண்டு. எட்டு அங்குலம் அவருக்கு ஒத்துவருமா என்பது முதல் ஐயம்.

இரண்டாவது, கைப்பிடிக் கிராதி. கடையில் வாங்கிப் பொருத்தும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் வேண்டாம் என்று வீட்டில் அனைவரும் முடிவு செய்துவிட்டோம். படகுகளுக்கு நங்கூரமும் கொக்கியும் அடித்துத் தரும் கொல்லுப் பட்டறை ஒன்று எங்கள் பகுதியில் இன்னமும் இயங்குகிறது. அங்குள்ள ஆசாரியார், என் தாயார் நோட்டில் வரைந்து வைத்திருக்கும் சிக்குக் கோலங்களுள் ஒன்றை இரும்புக் கம்பியில் வளைத்துத் தர இசைந்திருக்கிறார். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் கிராதி நான்கைந்து ஆண்டுகளுக்குள் அடியில் துருவேறி, படியின் ஓரத்தையே வெடிக்கச் செய்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு, இவ்வளவு உழைத்துச் செய்யும் ஒன்று இந்தக் காற்றில் நிற்குமா என்ற தயக்கம் எழுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மேற்பார்வையாளர் (ஓய்வு):

வணக்கம். கடலோர மாவட்டங்களில் பல ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். படியின் அளவை முதலில் முடித்துவிடுவோம்.

வெளிப்படிக்கு எட்டு அங்குல உயரம் மிகுதி. குடியிருப்புகளுக்குத் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு அனுமதிக்கும் உச்ச உயரமே 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். எட்டு அங்குலம் அதையும் தாண்டிவிடுகிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோண்டெல் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்கொன்று இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது: படியின் உயரத்தை இரட்டித்து, அதனுடன் மிதியகலத்தைக் கூட்டினால் 24 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். கொத்தனாரின் கணக்கில் 26 வருகிறது. ஆறு அங்குல உயரமும் பன்னிரண்டு அங்குல மிதியகலமும் வைத்தால் சரியாக 24. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். இறங்கும்போது முழுப் பாதமும் பதியும் அளவுக்கு மிதி அகலமாக இருப்பது உயரம் குறைவதற்கு இணையாக முக்கியம்.

நான்கு அடிக்கு ஆறு அங்குலமாக எட்டு ஏற்றங்கள் வரும். மிதிகள் ஏழு, நீளம் ஏழு அடி. அதை நேராக இறக்கினால் மதிலுக்கு முன் இரண்டு அடிதான் மிஞ்சும். வாயிற்கதவைத் திறக்கவே இடம் போதாது. ஆகவே வாசலுக்கு எதிரே நான்குக்கு நான்கு அடியில் ஒரு மேடையை வீட்டுத் தரை மட்டத்தில் அமைத்து, அதிலிருந்து படியைப் பக்கவாட்டில், வீட்டுச் சுவரை ஒட்டியே இறக்குங்கள். முகப்பில் பதினொரு அடி நீளம் செலவாகும்; மதில் பக்கம் ஐந்தடிப் பாதை அப்படியே கிடைக்கும். வீட்டில் லாபம், நஷ்டம் என்று மாறி மாறிப் படியை எண்ணும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் குறையில்லை: ஏழு மிதிகளும் லாபத்தில்தான் முடிகின்றன. இருசக்கர வண்டி ஏற்றச் சாய்தளமும் வேண்டும் என்று யாராவது கேட்டால் உடனே மறுத்துவிடுங்கள். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் நான்கு அடிக்கு நாற்பத்தெட்டு அடி நீளம் தேவைப்படும். படி, முன்பக்கக் கட்டாய இடைவெளிக்குள் வருவதால் நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

உயரத்தை அளக்கும் இடத்தில்தான் பெரும்பாலான படிகள் கெடுகின்றன. கொத்தனார் இன்றைய மண் மட்டத்திலிருந்து அளந்து கட்டிவிடுவார். ஆறு மாதம் கழித்து முற்றத்தில் பேவர் கல் பதிப்பீர்கள். கீழ்ப்படி மட்டும் மூன்று அங்குலமாகச் சுருங்கிவிடும். எல்லாப் படிகளும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று கால் எதிர்பார்க்கிறது. கால் அங்குல வேறுபாடே இடறிவிடப் போதுமானது. எனவே முற்றத்தின் இறுதி மட்டத்தை முதலில் முடிவுசெய்து மதிலில் குறித்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே திரும்பாமல் இருக்க மேடையின் மேல்முகம் வீட்டுத் தரைக்கு அரை அங்குலம் கீழே இருக்க வேண்டும். அந்த அரை அங்குலத்தைக் கழித்துவிட்டு எஞ்சிய 47½ அங்குலத்தை எட்டால் வகுப்பதே சரியான கணக்கு. ஒவ்வொரு மிதியும் முன்பக்கம் கால் அங்குலம் சரிந்திருக்கட்டும். தண்ணீர் தேங்காது, நடப்பவருக்கும் தெரியாது.

இனி, கட்டும் முறை. உங்கள் இடத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் படி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டை ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு கடுமையான சூழலில் சேர்க்கிறது. அதற்கு எம்-30 என்ற வலுவான கான்கிரீட் தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. மிக்சர் வாடகைக்கு எடுத்துச் சட்டியில் அள்ளிக் கொட்டும் வேலையில் இவ்விரண்டும் கிடைப்பது அரிது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும் பொருள். அது உள்ளே வீங்கும்போதுதான் வெளியே கான்கிரீட் உரிந்து விழுகிறது. பக்கத்துத் தெருவில் நீங்கள் பார்த்ததும் அதுவே. நான்கு அடி உயரத்துக்குக் கம்பி எதற்கு? நம் கோயில் குளங்களின் படித்துறைகளில் இரும்பே கிடையாது. ஆண்டு முழுவதும் தண்ணீரில் நனைந்துகொண்டு நிற்கின்றன.

ஆகவே இப்படிச் செய்யலாம். இரண்டரை அடி ஆழத்துக்குக் கடைக்கால் தோண்டி, ஆறு அங்குலத்துக்கு 1:4:8 விகிதத்தில் சிமெண்ட், மணல், ஜல்லி கலந்த கான்கிரீட் போட்டு, அதன் மேல் இரு ஓரங்களிலும் நடுவிலுமாக ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் மூன்றைப் படி வடிவிலேயே எழுப்புங்கள். அவற்றின் மேல் இரண்டு அங்குலக் கனமுள்ள கிரானைட் பலகைகளை மிதியாகப் பதியுங்கள். நடுச்சுவர் அவசியம், கிரானைட் எவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும், ஆனால் வளைவைத் தாங்காது, நான்கடி நீளத்தை இரு முனைகளில் மட்டும் தாங்கவிட்டால், கனமான பீரோவை ஏற்றும் நாளில் ஒடியக்கூடும். பாரத்தைச் சுவர்களே தாங்குவதால் உள்ளே நிரப்பும் மணல் பின்னால் இறங்கினாலும் படிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெறுமையாக விடாதீர்கள், பாம்புக்கும் எலிக்கும் நல்ல வசிப்பிடம் ஆகிவிடும்.

காவிரிச் சமவெளியில் கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. உங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிக் கல் அருகில் கிடைக்கும். பளபளப்பாக மெருகேற்றிய கல் வேண்டவே வேண்டாம். தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம் முகம் கேளுங்கள். கடப்பாக் கல் விலை குறைவு என்பார்கள், மழையில் வழுக்கும். ஆத்தங்குடிக் கல்லை வாசற்படிக்குக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது கூரைக்குக் கீழே இருக்க வேண்டிய தரைக்கல்.

இரண்டு எச்சரிக்கைகள். புதிய படியை வீட்டின் அடித்தளத்தோடு பிணைக்காதீர்கள். வீடு தன் இறக்கத்தை ஏற்கெனவே முடித்துவிட்டது. படி இனிமேல்தான் இறங்கும். இடையே அரை அங்குலம் விட்டு, அந்த இடைவெளியில் நெகிழும் சீலண்ட் அடைத்தால் விரிசல் வராது. மற்றது தண்ணீர். உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீரில் கலவை கலந்தால் சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். கலவைக்கும், கட்டிய பின் நனைத்து இறுகவைப்பதற்கும் நகராட்சிக் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, கம்பியில்லாததற்கு 2000 வரை போகலாம் என்கிறது விதித்தொகுப்பு. அந்த நான்கு மடங்கு வேறுபாடு முழுவதும் உள்ளே இருக்கும் இரும்பின் பொருட்டுத்தான்.

கிராதியைப் பற்றி, இரும்பு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


மாடிவீடு:

கிராதிக்கு இவ்வளவு சிரமப்பட வேண்டுமா? எங்கள் வீட்டில் 304 தர எஸ்.எஸ். குழாய் போட்டு ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வண்ணம் அடிக்கும் வேலையே இல்லை. துணியால் துடைத்தால் போதும். இரும்பு என்றால் ஆண்டுதோறும் செலவு என்பதை மறக்க வேண்டாம்.


உலைமுகம்:

மாடிவீடு அவர்களுக்கு: உங்கள் வீடு கடலிலிருந்து தொலைவில் இருக்கும் என்று நினைக்கிறேன். கடலோரத்தில் 304 தர எஃகில் தேநீர் சிந்தியதுபோலப் பழுப்புக் கறை படரும். அங்கே மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று விழுக்காடு சேர்ந்த 316 தரம் வேண்டும், அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பராமரிப்பே இல்லாத உலோகம் என்று அந்தக் காற்றில் எதுவும் இல்லை.

இனி அலையோரம் அவர்களின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்துக்குக் கொல்லுவேலை மூன்று தலைமுறைத் தொழில். நான் இப்போது வெல்டிங் பட்டறையும் உலையும் சேர்த்து நடத்துகிறேன்.

கடைகளில் ராட் அயர்ன் என்று விற்பது உண்மையில் மைல்டு ஸ்டீல், அதாவது கரி குறைந்த சாதாரண எஃகுதான். பழைய காலத்துத் தேனிரும்பை இன்று வணிக அளவில் யாரும் உருக்குவதில்லை. அது குறையாகாது; மைல்டு ஸ்டீல் உலையில் நன்றாக வளையும், அடிக்கு இணங்கும். ஆனால் வார்ப்பிரும்புப் பூக்களையும் ஈட்டிமுனைகளையும் வாங்கி வந்து இடையிடையே ஒட்டிவிட்டுக் கைவேலை என்று சொல்வார்கள், அதற்கு இசையாதீர்கள். வார்ப்பிரும்பில் கரி இரண்டு விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால் அடி பட்டால் முறியும். மைல்டு ஸ்டீலோடு சாதாரணமாக வெல்டு வைத்தால் ஒட்டிய இடத்தின் ஓரத்திலேயே விரிசல் விடும்.

கோலத்தை இரும்பில் கொண்டுவருவது மிக நல்ல யோசனை. அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று இடைவெளி. நான்கு அங்குல விட்டமுள்ள பந்து எந்த இடத்திலும் நுழையக் கூடாது என்பது பல நாடுகளின் கட்டட விதிகளில் உள்ள அளவு. குழந்தையின் தலையைக் கருதி வைத்தது. சிக்குக் கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி ஐந்து அங்குலம் வைத்தால், புள்ளியைச் சுற்றி விழும் சாய்சதுரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே ஏறத்தாழ மூன்றரை அங்குலம் வரும். பத்து மில்லிமீட்டர்க் கம்பியின் கனத்தைக் கழித்தால் இன்னும் குறையும். ஆறு அங்குலப் புள்ளி வைத்தால் அளவு விளிம்புக்கு வந்துவிடும், வேண்டாம். ஆனால் கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் வளைந்து திரும்பும் இடங்களில் இரண்டு கட்டங்கள் ஒன்றாகிவிடும். ஓரத்து வளைவுக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் பெரிய சந்து விழும். உங்கள் தாயாரையே முழு அளவில் ஒரு பிளைவுட் பலகையில் கோலத்தைப் போடச் சொல்லி, அந்த அளவுள்ள பந்தை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துப் பார்த்துவிடுங்கள். இடைவெளி மிகுந்த இடத்தில் புள்ளியை ஒரு இரும்புக் குண்டாக வைத்து, அதைச் சிறு தண்டால் கோட்டோடு இணைத்தால் அடைப்பும் ஆகும், கோலமும் முழுமையாகும். அந்தப் பலகையே பிறகு பட்டறையில் கம்பியை வைத்துச் சரிபார்க்கும் படிவமாகவும் பயன்படும்.

மற்றொன்று, சரிவு. படியோடு சாய்ந்து இறங்கும் கிராதியில் கோலம் போடாதீர்கள். ஆறுக்குப் பன்னிரண்டு என்ற படியில் கிராதி ஏறத்தாழ இருபத்தேழு பாகை சாய்கிறது. புள்ளி வரிசைகளை நேர்நிறுத்தி, கோடுகளை மட்டும் சாய்த்தால் ஒவ்வொரு சுழியும் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நசுங்கும்; வளைக்கும் அச்சு ஒவ்வொரு வளைவுக்கும் வேறாகிவிடும், கூலி பலமடங்காகும். கோலத்தை முழுதாகவே திருப்பி வைத்தால் அச்சு ஒன்றே போதும். ஆனால் பார்க்கிறவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும். கோலம் மட்டமான இடத்துக்கு உரியது. மேற்பார்வையாளர் ஐயா சொன்ன நான்கடி மேடை அதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது: மேடையின் முகப்பில் கோலப்பலகை, சரிவில் முறுக்கிய சதுரக் கம்பிகள். பன்னிரண்டு மில்லிமீட்டர்ச் சதுரக் கம்பியை உலையில் வைக்காமலேயே முறுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கைச் சுற்று கொடுத்தால் போதும், கண்ணுக்கு ஒழுங்காக நிற்கும். ஒரு மிதிக்கு மூன்று கம்பி வைத்தால் இடைவெளி மூன்றரை அங்குலம் வரும். இரண்டு கம்பி போதும் என்று செலவைக் குறைக்கச் சொல்வார்கள், அதில் இடைவெளி ஐந்தரை ஆகிவிடும்.

சாய்சதுரக் கட்டங்கள் குழந்தைகளுக்கு ஏணியாகவும் ஆகும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் கோலத்தை மேல் பாதியில் மட்டும் வைத்து, கீழ்ப்பாதியில் நேர்க்கம்பி நிறுத்துங்கள்.

துருவைப் பற்றி. இரும்பு துருப்பது முகத்தில் அல்ல, சந்துகளில். கோலத்தில் கம்பியும் கம்பியும் வெட்டும் ஒவ்வொரு இடமும் ஒரு சந்து; அங்கே மழைத்தண்ணீரும் உப்பும் தங்கும், தூரிகை போகாது. ஒரு கோடு மேலே, அடுத்தது கீழே என்று கோலத்தில் இருப்பதுபோலவே பின்னிச் செல்ல, வெட்டும் இடத்தில் கம்பியைச் சூடாக்கிச் சிறிது கூன் கொடுக்க வேண்டும். பிறகு அந்தச் சந்திப்பைச் சுற்றிலும் விடாமல் வெல்டு வைத்து, அரத்தால் வழித்துவிட வேண்டும். இரண்டு பொட்டு வெல்டு வைத்துவிட்டுப் போவது படகுத் துறையில் நிற்காது. உங்கள் ஆசாரியாருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு துத்தநாக முழுக்கு. இரும்பை ஏறத்தாழ 450 பாகை செல்சியசில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுப்பதையே சொல்கிறேன். ஸ்பிரேயில் அடிக்கும் வெள்ளி நிறத்தை அல்ல. சென்னைப் புறநகர்த் தொழிற்பேட்டைகளில் கூலிக்குச் செய்து தருகிறார்கள். தொட்டியின் அளவுக்கும் லாரிக்கும் ஏற்றபடி கிராதியைத் துண்டு துண்டான பலகைகளாகச் செய்து, வீட்டில் போல்ட்டு போட்டு இணைக்க வேண்டும். முழுக்குக்கு முன் அமிலத்தில் கழுவுவார்கள்; சந்துகளை அடைக்காமல் விட்டிருந்தால் அமிலம் உள்ளே தங்கி, பிறகு பல வாரங்களுக்குப் பழுப்பாகக் கசியும். நான்குபுறமும் அடைத்த குழாய் இருந்தால் துளை போடாமல் அனுப்பக் கூடாது, உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் சூட்டில் வெடிக்கும். இந்தத் தொல்லைக்காகவே நான் கடலோர வேலைகளில் குழாயைத் தவிர்த்துவிட்டுக் கெட்டிக் கம்பியையே போடுவேன். தூணுக்கு ஓரங்குலச் சதுரக் கம்பி. மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ எடை, நான்கு அடிக்கு ஒன்று போதும். எல்லா வளைவும் வெல்டும் முடிந்த பிறகே முழுக்கு. துத்தநாகம் ஏறிய கம்பியை உலையில் வைத்தாலோ வெல்டு செய்தாலோ எழும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும்.


அலையோரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. பக்கவாட்டில் இறங்கும் படிக்குக் கொத்தனாரும் ஒத்துக்கொண்டார். கருங்கல் என்றதும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. கோலத்தை மேடையில் மட்டும் வைப்பதற்குத் தாயார் முதலில் சிறிது வருந்தினார். நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு நான்கடி அகலத்துக்கு எந்தக் கோலம் பொருந்தும் என்று இப்போது புள்ளி எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. படியில் இரும்பே வேண்டாம் என்று ஐயா சொல்கிறார். ஆனால் கிராதியின் தூண் எங்காவது ஊன்றித்தானே ஆக வேண்டும்? கல்லில் துளையிட்டுத் தூணை இறக்கி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிடலாம் என்கிறார் ஆசாரியார். அடுத்தது, நடுப்பகலில் இரும்புக் கைப்பிடி தொட முடியாமல் கொதிக்கும். அதற்கு என்ன செய்வது?


மேற்பார்வையாளர் (ஓய்வு):

நல்ல கேள்வி, பக்கத்துத் தெருப் படி வெடித்ததும் இந்த இடத்தில்தான். தூணைப் படிக்குள் புதைத்தால், கல்லும் இரும்பும் சந்திக்கும் வளையத்தில் தண்ணீர் தங்கி, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் துரு தொடங்கும். வெளியே தெரியும் இரும்புக்கு வண்ணம் அடிக்கலாம், புதைந்த இரும்புக்கு என்ன செய்ய முடியும்? ஈயம் ஊற்றுவது பழைய, மதிப்புக்குரிய முறைதான். ஆனால் துளையில் சிறிது ஈரம் இருந்தாலும் உருகிய ஈயம் நீராவியால் முகத்தில் தெறிக்கும். அதன் புகையும் நஞ்சு. அன்றியும் இரண்டங்குலப் பலகையின் ஓரத்தில் துளையிட்டால் கல் விண்டுவிடும்.

தூணைக் கல்லில் ஊன்றாமல், கல்லுக்கு வெளியே ஊன்றுங்கள். தூண் வரும் இடங்களில் மட்டும் வெளிப்பக்கச் சுவரை ஒன்றரைக் கல், அதாவது பதின்மூன்றரை அங்குலக் கனத்துக்குக் கட்டி, அதன் தலையில் ஓரடி ஆழத்துக்குக் கம்பியில்லாத நல்ல கான்கிரீட் கட்டியாக வார்த்துவிடுங்கள். தூணின் அடியில் ஆறங்குலச் சதுரத் தகட்டை வெல்டு செய்து, முழுக்குக்கு அனுப்பும் முன்பே நான்கு துளைகளைப் போட்டுவிட வேண்டும். துளைகளுக்கு இடையே நான்கரை அங்குலம் வைத்தால், ஒவ்வொரு போல்ட்டுக்கும் கான்கிரீட்டின் ஓரத்திலிருந்து நான்கரை அங்குலம் கிடைக்கும். ஓரத்தை ஒட்டிப் போல்ட்டு போடுவதுதான் விளிம்பு உடைவதற்கு மற்றொரு காரணம். மூன்று அங்குலத்துக்குக் குறையவே கூடாது.

போல்ட்டுகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக, 12 மில்லிமீட்டர்க் கனத்தில், ரசாயனப் பசையால் பதிக்கும் வகையாக இருக்கட்டும். விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டு, ஓரத்தில் கான்கிரீட்டைப் பிளக்கும் விசையைத் தரும். துளையிட்ட பின் தூசியை ஊதி, தூரிகையால் துடைத்து, மீண்டும் ஊதிய பிறகே பசையை நிரப்ப வேண்டும். தூசியில் பசை பிடிக்காது, போல்ட்டு கையோடு வரும். துத்தநாகம் ஏறிய தகடும் துருப்பிடிக்காத எஃகும் நேரடியாகத் தொட்டால், உப்பு ஈரத்தில் துத்தநாகம் விரைவில் கரையும். எனவே நைலான் வாஷரும் நைலான் உறையும் இடையில் வர வேண்டும். தகட்டுக்கு அடியில் அரை அங்குலம் சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமெண்ட் கலவை) நிரப்பி, அதன் விளிம்பை நான்குபுறமும் சரித்துவிடுங்கள். தகடு படியின் மட்டத்துக்கு மேலே, நன்கு தெரியும்படி நிற்க வேண்டும். அழகுக்காக அதன் மேல் கல்லையோ டைல்ஸையோ ஒட்டி மறைத்துவிடாதீர்கள்.

கான்கிரீட் கட்டிகளை வார்த்த பிறகு குறைந்தது பத்து நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்துவிட்டு, இன்னும் இரண்டு வாரம் கழித்துத் துளையிடுங்கள்.


உலைமுகம்:

ஐயா சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். கைப்பிடியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். இரும்புப் பட்டையின் மேல் தேக்குக் கட்டையை வைப்பதே இந்த வெயிலுக்கு ஏற்றது; பிடிக்கும் கனம் ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால்தான் வயதானவர்களின் விரல்கள் சுற்றி வளைத்துப் பிடிக்க முடியும். தட்டையான அகலக் கட்டை பார்வைக்கு நன்றாக இருக்கும், இடறும்போது பிடி கிடைக்காது. மரத்தைப் பட்டையோடு ஒட்டி வைக்காமல், திருகாணி வரும் இடங்களில் கால் அங்குல நைலான் துண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். இல்லையெனில் இரண்டுக்கும் நடுவே தங்கும் ஈரம் இரும்பையும் மரத்தையும் சேர்த்தே கெடுக்கும். திருகாணியைக் கீழிருந்து மேலாக முடுக்க வேண்டும். மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம், கடலோர வெயிலில் செதில் செதிலாக உரியும். ஆண்டுக்கொரு முறை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். உயரம் மிதியின் நுனியிலிருந்து மூன்று அடி. கீழ்ப்படி முடிந்த பிறகும் கைப்பிடி ஓரடி நீண்டு, கீழ்நோக்கி வளைந்து முடியட்டும்; கடைசிப் படியில் கால் தரையைத் தேடும்போதுதான் கை பற்றுக்கோட்டைத் தேடுகிறது. சுவர்ப்பக்கத்திலும் ஒரு கைப்பிடி வையுங்கள், சுவருக்கும் அதற்கும் இடையே இரண்டு அங்குலம் விட்டு. வலிக்கும் முழங்கால் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஏறும்போது ஒரு கையும் இறங்கும்போது மறு கையும் தேவைப்படும்.

வண்ணம் அடிப்பவர் வந்ததும் நேராக எனாமல் டப்பாவைத் திறப்பார், விடாதீர்கள். துத்தநாகத்தின் மேல் எனாமலை நேரடியாக அடித்தால், அதிலுள்ள எண்ணெயோடு துத்தநாகம் வினைபுரிந்து, ஓராண்டுக்குள் தோல் தோலாக உரிந்துவிடும். முதலில் துத்தநாகத்தைச் சற்று அரித்துப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர், அடுத்து எபாக்சி, கடைசியில் வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன். கோலத்தின் மேல் வெள்ளை அடித்தால் துருவின் முதல் பொட்டே உடனே தெரியும், கறுப்பில் தெரியாது. உங்கள் தாயாருக்கும் வெள்ளைக் கோலம்தானே பிடிக்கும்.

மழையில் நனையாத இடங்களில்தான் கடலோரத்தில் துரு முதலில் வரும். மேல்முகத்து உப்பை மழை கழுவிவிடும், கைப்பிடியின் அடிப்பக்கத்து உப்பு அப்படியே படிந்திருக்கும். கோடையில் மாதம் இரண்டு முறை குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒவ்வொரு வெல்டையும் அடித்தகட்டையும் பார்த்து, பொட்டு தெரிந்த இடத்தைச் சுரண்டித் துத்தநாகச் சத்து மிகுந்த பிரைமரைத் தொட்டுவிடுங்கள்.

ஆசாரியாரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: படி கட்டி, கல் பதித்து, அளவு உறுதியான பிறகே கிராதிக்குக் கம்பியை வெட்ட வேண்டும். பிறகு முழுக்கும் வண்ணமும் இல்லாத வெறும் இரும்பாகவே ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவந்து தூண்களை நிறுத்தி, போல்ட்டுத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டு, மீண்டும் கழற்றி முழுக்குக்கு அனுப்புங்கள். முழுக்கு முடிந்து வந்தபின் ஒரு துளை பொருந்தவில்லை என்று கேஸ் கட்டரை எடுத்தால், அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோய்விடும்.